சிறு பிள்ளையின் அறைக்கு எந்தப் பூச்சு?

என் தம்பிக்கு நான்கு வயது. சென்ற வருட மாரியில் ஒரு நாள் காலை, அவனுடைய வாயோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதை உம்மா கண்டார். பால்மா என்றுதான் முதலில் நினைத்தோம். விரலை விட்டுப் பார்த்தால் நகத்தளவு பெயின்ட் செதில். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் பொருமி, பொக்குளம் போலக் கிளம்பியிருந்தது. அதை நகத்தால் உரித்து உரித்து வாயில் போட்டிருக்கிறான். எத்தனை நாளாக என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த அறைக்கு என்ன பூசுவது என்பது எங்கள் வீட்டின் பெரிய பேச்சாகிவிட்டது. வாப்பாவுக்குக் கழுவக்கூடிய பெயின்ட் வேண்டும். உம்மாவுக்கு ஈரம் நிற்கக் கூடாது, ஏனென்றால் தம்பிக்கு மாரி வந்தால் இழுப்பும் வரும். மாமா டைல்ஸ் ஒட்டச் சொன்னார். உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பவள் என்பதால் என்னிடமும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது வீட்டுக்கு உதவியது எனக்கு அதுதான் முதல் தடவை. ஆகவே தேடி அறிந்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். கடற்கரைக் கிராமங்களிலிருந்து வரும் தோழிகளுக்குப் பயன்படலாம்.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நயினாதீவில் மூத்தவாப்பா காலத்து வீடு. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தீவுப் பகுதிப் பழைய கட்டடங்கள் பல அப்படித்தான். நெடுந்தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள கோட்டையின் இடிந்த சுவரிலும் வளவு மதில்களிலும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது யாழ்ப்பாண நகரில் இருந்த எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. தீவிலிருந்த இந்த வீடு பார்க்க ஆளில்லாமல் கிடந்து, ஓடு சரிந்து, இருபது மாரி மழையை நேரே வாங்கியது. திரும்பி வந்த பிறகு அவசரமாகத் திருத்தினோம். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சீமெந்து பூசி, அதன்மேல் பளபளக்கும் எனாமல் பெயின்ட் அடித்தார்கள். அப்போது அது அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாரி தாங்கியது. பிறகு ஒவ்வொரு வருடமும் சுரண்டி, அதே பெயின்டை மறுபடி அடிப்பதே வழக்கமாகிவிட்டது.

ஏன் உரிகிறது? மழை ஒழுகுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கூரையில் ஒழுக்கு இல்லை. தீவில் மேசன் வேலை செய்த ஒரு முதிய ஐயா வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ளை நிக்கிற உவர் வெளியாலை வர வழி விடோணும் பிள்ளை. வழி விடாட்டி அது பூச்சைத் தள்ளிக்கொண்டுதான் வரும்."

ஐயா சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. சுவரிலிருந்து சுரண்டிய வெண்பொடியைக் கொஞ்சம் கடதாசியில் மடித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். ஆசிரியையின் அனுமதியுடன் அதைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடித்து, ஐதான நைத்திரிக்கமிலம் சில துளி விட்டு, பின் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டோம். தயிர் போல வெள்ளை வீழ்படிவு வந்தது. அமோனியா விட்டதும் கரைந்துவிட்டது. குளோரைட்டு, அதாவது பெரும்பாலும் நம் கறியுப்பு. பரீட்சைக்கு மனனம் செய்த அதே சோதனைதான்.

உப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. முருகைக்கல் கடலிலிருந்து வந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர். திருத்த வேலையின்போது சீமெந்து குழைத்ததும் அந்தத் தண்ணீரில்தான். போதாததற்கு, பழைய வீடுகளின் அத்திவாரத்தில் ஈரம் மேலேறாமல் தடுக்கும் படை எதுவும் இல்லை. நிலத்து நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் சுவரின் நுண்துளைகள் வழியே ஏறும். ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு ஏறும்.

இனிமேல்தான் பூச்சின் கதை. நீர் சுவரின் வெளிப்பரப்புக்கு வந்து ஆவியானால் உப்பு வெளியே வெண்பொடியாகப் பூக்கும். பார்க்க அழகில்லை, ஆனால் தும்புத்தடியால் தட்டிவிட்டால் போய்விடும். எனாமல் பெயின்ட் நீராவியை எளிதில் வெளியே விடாத ஒரு தோல். அந்தத் தோலுக்குப் பின்னால் நீர் காயும்போது உப்புப் பளிங்குகள் அங்கேயே வளர்கின்றன. இடம் போதாமல் பூச்சை வெளியே தள்ளுகின்றன. பொருமுவதும் உரிவதும் அதனால்தான். பெயின்ட் எவ்வளவு தடிப்பமும் உறுதியும் ஆனதோ அவ்வளவு பெரிய செதிலாக விழும். விலை கூடிய பெயின்ட் அடித்தால் சரியாகும் என்று நாங்கள் வருடாவருடம் நினைத்தது எவ்வளவு பிழை!

இன்னொரு விடயமும் உண்டு. காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அதனால்தான் மழையே பெய்யாத நாளிலும் வாடைக்காற்று வீசினால் எங்கள் சுவர் வியர்த்ததுபோல இருக்கும். சோளகம் வந்து காய்ந்ததும் மறுபடி பளிங்காகும். கரைவதும் பளிங்காவதுமாக இது நடக்க நடக்கப் பூச்சு மட்டுமல்ல, சாந்தும் கல்லும்கூடத் தூளாகும். ஈரத்துணியால் உவரைத் துடைப்பது உம்மாவின் வழக்கம். அது உப்பைக் கரைத்துத் திரும்பச் சுவருக்குள்ளேயே அனுப்புகிறது என்று சொன்னபோது, இத்தனை வருடத் துப்புரவு வீணா என்று கோபித்துக்கொண்டார். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்ததை அள்ளி வெளியே கொட்டுவதே சரி.

உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒரு முழ அளவு பொலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறத்தில் மட்டும் நின்றால் அறைக்காற்றின் ஈரம் படிகிறது. அதற்கு யன்னலைத் திறந்துவைத்தாலே பாதி தீரும். நான் தம்பியின் அறையின் நான்கு சுவர்களிலும் ஒட்டினேன். கிடைத்த விடை எங்கள் சண்டையையே மாற்றிவிட்டது. வெளிப்பக்கச் சுவர் இரண்டிலும் உட்புறம் நனைந்திருந்தது. உள்பக்கத் தடுப்புச் சுவர் இரண்டும் பின்னாளில் சீமெந்துக் கல்லால், அடியில் படை வைத்துக் கட்டியவை. அவை காய்ந்தே இருந்தன. ஒரே அறைதான், ஆனால் ஒரே பூச்சு நான்கு சுவருக்கும் பொருந்தாது.

இதற்கிடையில் பெரிய பயம் வேறொன்று. பெயின்ட் என்றால் ஈயம். முன்பு பெயின்டுக்கு நிறமும் பளபளப்பும் விரைவில் காயும் தன்மையும் தர ஈயச் சேர்வைகளைக் கலந்தார்கள். அது சிறுவர்களுக்கு நஞ்சு என்பது புதிய செய்தி அல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லொக்ஹார்ட் கிப்சன் என்ற கண் வைத்தியர், நோயுற்ற சிறுவர்களுக்கு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, 1904இல் விடையை எழுதினார்: வீட்டு விறாந்தைக் கிராதியிலும் சுவரிலும் வெயிலில் காய்ந்து பொடியாகிய பெயின்ட். பிள்ளைகளின் விரலில் ஒட்டி வாய்க்குள் போயிருக்கிறது. வெயில், விறாந்தை, விரல் சூப்பும் பிள்ளை. நம் வீடுகளைப் பற்றி எழுதியதுபோலவே இருக்கிறது. அப்படியிருந்தும் உலகின் பல நாடுகள் சட்டம் போட நெடுங்காலம் எடுத்தன. அமெரிக்கா வீட்டுப் பாவனைக்கு 1978இல்தான் தடை செய்தது. இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளைப்படி 2013 முதல் எமல்சன் பெயின்டில் மில்லியனுக்கு 90 பகுதிக்கு மேலும், எனாமலில் 600 பகுதிக்கு மேலும் ஈயம் இருக்கக் கூடாது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் அறைக்கு எனாமலை விட எமல்சன் நல்லது என்பதற்கு அதுவே ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனம் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்வதில்லை. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவர்கள் உறிஞ்சுவதைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு பிள்ளைகள் உறிஞ்சக் கூடும். பாதிக்கப்படுவது வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. எங்கள் சுவர்ப் பெயின்ட் எந்த வருடத்துத் தகரம் என்று யாருக்கும் நினைவில்லை. யன்னல் நிலைகளில் இருந்ததோ அதைவிடப் பழையது. தகரத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாத பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் புத்தி.

தம்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். குடும்பநல மாதுதான் முதலில் கேட்டார், "பிள்ளை மண், சோக்குக் கட்டி ஏதும் தின்னுறதோ?" என்று. உணவல்லாததைத் தின்னும் பழக்கம் இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாமாம். இரத்தம் பார்த்ததில் அப்படித்தான் இருந்தது. இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் கூடுதலாக உறிஞ்சும் என்பதைப் பின்னர் படித்தபோது உம்மாவிடம் உடனே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து தொடங்கிய பிறகு சொன்னேன். அவனை நாங்கள் "சுவர் தின்னி" என்று கேலி செய்திருந்தோம். அது நோயின் பேச்சு என்று அப்போது தெரியவில்லை.

சரி, எந்தப் பூச்சு? டைல்ஸை முதலில் தள்ளினோம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏற்றி இறக்கும் கூலி ஒரு பக்கம் இருக்கட்டும். ஈரச்சுவரின் கீழ்ப்பகுதியை டைல்ஸால் மூடினால் ஈரம் காய வழியின்றி அதற்கு மேலே ஏறி வேறிடத்தில் வெளிவரும். சுவரில் ஒட்டும் கடதாசி பற்றி ஒரே வரி போதும்: அதன் பசையும் பின்னால் நிற்கும் ஈரமும் பூஞ்சணத்துக்கு விருந்து. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இழுப்பு நோய் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. தம்பியின் மாரி இழுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மிஞ்சியவை இரண்டு: சுண்ணாம்பும் எமல்சனும்.

சுண்ணாம்பு நமக்குப் புதிதல்ல. நோன்புப் பெருநாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்த காலத்தை உம்மம்மா இன்றும் சொல்வார். சுண்ணாம்புக்கல் கல்சியம் காபனேற்று. அதைச் சூளையில் 900 பாகை செல்சியசளவில் சுட்டால் காபனீரொட்சைட்டு போய்ச் சுட்ட சுண்ணாம்பு, கல்சியம் ஒட்சைட்டு, மிஞ்சும். நீர் விட்டால் கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்சியம் காபனேற்றாகவே ஆகும். அதாவது, கல்லைக் கரைத்துப் பூசி மறுபடி கல்லாக்குகிறோம். அந்தப் படையில் நுண்துளைகள் இருப்பதால் நீராவி தடையின்றி வெளியேறும். உப்பும் வெளியே பூத்து உதிரும். புதிய சுண்ணாம்பின் கடும் காரத்தில் பூஞ்சணம் வளராது. முன்பு தீவுகளில் முருகைக்கல்லைச் சுட்டே சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையைக் காக்க 1988இன் சட்டத் திருத்தம் கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பதைத் தடை செய்தது. அது நல்லதே, கடைச் சுண்ணாம்பும் அதே வேலையைச் செய்கிறது.

குறை இல்லாமலில்லை. கையை வைத்தால் வெள்ளை ஒட்டும். கழுவ முடியாது. ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். வாப்பாவின் ஆட்சேபமெல்லாம் இதுதான், "பிள்ளை சுவரிலே கீறினால் எப்படித் துடைக்கிறது?" செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புடன் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மினுக்கிய பூச்சு இன்றும் பளிங்குபோல இருக்கிறதாம். அதற்கு வேண்டிய கைகளும் பணமும் எங்களிடம் இல்லை.

பொலித்தீன் தாள்தான் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொன்னது. ஈரமான இரண்டு வெளிச்சுவருக்கும் சுண்ணாம்பு. காய்ந்த இரண்டு உட்சுவருக்கும் கழுவக்கூடிய எமல்சன். தம்பி அங்கே கீறட்டும்.

வேலையை மாரி முடிந்து தை கடந்த பின் தொடங்கினோம். பழைய பெயின்டை எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். உலர்வாக மண்கடதாசி தேய்க்கவே கூடாது; அந்தத் தூசுதான் மூச்சிலும் பாயிலும் போய்ச் சேரும். தம்பியை அந்தக் கிழமை மாமி வீட்டில் விட்டோம். நிலத்தில் பொலித்தீன் விரித்து, கதவை மூடி, நீர் தெளித்து நனைத்து நனைத்துச் சுரண்டினார்கள். செதில்களைப் பையில் கட்டினோம். எரிக்கவில்லை, கிணற்றடியில் கொட்டவுமில்லை. நிலத்தைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் எறிந்தோம். உவருக்கு ஈரத்துணி ஆகாது, ஈயத் தூசுக்கு ஈரத்துணிதான் வேண்டும்; இதை உம்மாவுக்கு விளங்கப்படுத்தப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

பின் வெளிச்சுவர்களின் சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, கல் தெரிய இரண்டு மாதம் காயவிட்டோம். அவ்வளவு நாள் பொறுப்பது கடினம். வந்தவர்கள் எல்லாம் "வீடு இடிக்கிறீங்களோ?" என்று கேட்டார்கள். உவர் பூக்கப் பூக்க உலர்ந்த தும்புத்தடியால் தட்டி அள்ளினோம். பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, நல்ல தண்ணீரில் கழுவிய மணல் மூன்று பங்கு என்று ஐயாவே குழைத்தார். கிணற்றுத் தண்ணீரை அவர் தொடவில்லை. நன்னீர் அருமையான தீவில், குடிக்கும் தண்ணீரில் சாந்து குழைப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. ஆனால் உவர்நீரில் குழைத்தால் எடுத்த உப்பைத் திரும்ப வைப்பது போலாகும். பூச்சு மெல்ல இறுக வேண்டும் என்பதால் யன்னலுக்குச் சாக்குப் போட்டு வெயிலை மறைத்து, சில வாரம் விட்டோம்.

வெள்ளையடிப்பதில் ஐயாவின் கண்டிப்பு ஒன்றுதான்: தடிப்பாக அடிக்காதே. நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவிட்டு, துணியால் வடித்து, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு படை. முதல் படை ஒன்றுமே அடிக்காதது போலத்தான் தெரியும். மறுநாள் வெளுக்கும். நான்கு படை அடித்தோம். ஈரச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். ஆகையால் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அடிப்பவர் கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். பட்டுவிட்டால் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

எமல்சனுக்கு எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்காமல் நீங்களே கணக்கிடலாம். எங்கள் அறை 10 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி. இரண்டு உட்சுவர் 180 சதுர அடி, கதவுக்கு 21 கழித்தால் 159. அது ஏறத்தாழ 15 சதுர மீற்றர். ஒரு லீற்றர் ஒரு படைக்குச் சுமார் 10 சதுர மீற்றர் போகும். இரண்டு படைக்கு 3 லீற்றர். 4 லீற்றர்த் தகரம் ஒன்று வாங்கினோம், மிச்சம் தம்பியின் பிற்காலக் கீறல்களுக்கு. தகரத்தில் ஈயம் சேர்க்கப்படாதது என்றும் இலங்கைக் கட்டளைகள் நிறுவகத்தின் அடையாளம் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். மணம் போகும்வரை சில நாள் யன்னலைத் திறந்துவைத்துப் பிள்ளையை வேறு அறையில் படுக்க விடுங்கள்.

சுண்ணாம்புச் சுவர் உடுப்பில் ஒட்டும் என்ற பிரச்சினைக்கு உம்மம்மாவே வழி சொன்னார். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, சுவரில் இரண்டு மரச்சட்டம் அடித்து, அதன்மேல் பனையோலைப் பாய் ஒன்றைத் தொங்கவிட்டோம். சட்டத்தின் தடிப்பத்தால் பாய்க்கும் சுவருக்கும் இடையே காற்று ஓடும். கிழமைக்கு ஒரு தரம் பாயைக் கழற்றி வெயிலில் போடுவது என் வேலை. கல்லூரி நாட்களில் நான் யாழ்ப்பாணத்தில் இருப்பதால் சனிக்கிழமை காலைப் படகில் வந்ததும் முதல் வேலை அதுதான்.

இந்த மாரி பாதி கடந்துவிட்டது. வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் மெல்லிய உவர் பூக்கிறது, தட்டினால் போய்விடுகிறது. உரியவில்லை. தம்பிக்கு ஒரு தடவை இழுப்பு வந்தது. போன மாரியில் எத்தனை தடவை என்று நாங்கள் எண்ணவே இல்லை. எமல்சன் சுவரில் ஒரு படகும் அதைவிடப் பெரிய மீனும் கீறியிருக்கிறான், வாப்பா இன்னும் அதைத் துடைக்கவில்லை. பழைய யன்னல் நிலை மட்டும் பாக்கி. அதைச் சுரண்டாமல், உரிந்த இடத்தை நனைத்து எடுத்துவிட்டு, மேலே புதிய பெயின்ட் இரண்டு படை அடித்து மூடலாம் என்று இருக்கிறோம். அதுவரை அந்த யன்னலடியில் அவனை விளையாட விடுவதில்லை.